வடியாத உதட்டு வீக்கம்: அலர்ஜி மாத்திரை ஏன் கேட்கவில்லை?

கேள்வி: எனக்கு 29 வயது. ஒன்றேகால் வருடத்துக்கு முன்பு ஒரு நாள் காலையில் எழுந்தபோது மேலுதடு வீங்கியிருந்தது. வலியில்லை, அரிப்பில்லை. இரண்டு நாளில் தானாக வடிந்துவிட்டது. அப்புறம் மாதத்துக்கு ஒருமுறை, இருமுறை என்று வந்து போனது. கடந்த ஆறு மாதமாக வடிவதே இல்லை; கூடக் குறைய இருக்கிறதே தவிர பழைய உதடு திரும்பவில்லை. அலர்ஜி என்று சொல்லி தினமும் செட்டிரிசின் கொடுத்தார்கள். இரண்டு முறை ஐந்து நாள் ஸ்டீராய்டு மாத்திரையும் சாப்பிட்டேன். சாப்பிடும்போது குறைந்தது, நிறுத்திய பத்து நாளில் மறுபடி வந்துவிட்டது. ரத்தத்தில் அலர்ஜி டெஸ்ட் எடுத்ததில் பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை என்று நீளமாக ஒரு பட்டியல் வந்தது. எல்லாவற்றையும் நிறுத்தி நான்கு மாதமாகிறது. ஆறு கிலோ இளைத்ததுதான் மிச்சம். உதட்டோரம் வேறு அடிக்கடி வெடிக்கிறது. இது புற்றுநோயாக இருக்குமா? ஆபரேஷன் செய்து உதட்டைக் குறைத்துவிடலாமா? அதுவரை லிப்ஸ்டிக் போட்டு மறைக்கலாமா? (மூன்று வருடத்துக்கு முன் முகம் ஒரு பக்கமாகக் கோணி, ஒரு மாதத்தில் சரியானது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன்.)

பதில்: அன்புள்ள வாசகிக்கு, நீங்கள் கடைசியில் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கும் அந்த இரண்டு வரிதான் முதலில் என் கண்ணில் பட்டது. சம்பந்தம் இருக்கலாம். நன்றாகவே இருக்கலாம். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் இந்த அலர்ஜி விவகாரத்தை முடித்துவிடுவோம்.

உதடு வீங்கினால் அலர்ஜி என்று நினைப்பதில் தவறில்லை. பத்துப் பேர் உதடு வீங்கி வந்தால் பெரும்பாலானவர்களுக்கு அதுதான் காரணமாக இருக்கும். ஆனால் அந்த வீக்கத்துக்கு ஒரு கால அளவு உண்டு. தோலுக்கு அடியில் நீர் கசிந்து வருகிற வீக்கம் அது. சில மணி நேரத்தில் ஏறும், ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் சுவடே இல்லாமல் இறங்கிவிடும். அடுத்த முறை வரும்வரை உதடு முழுக்கப் பழையபடி இருக்கும். ஆறு மாதமாக இறங்காமல் நிற்கிற வீக்கம் அந்தக் கணக்கில் சேராது. செட்டிரிசின், அலர்ஜியின்போது உடலில் வெளிப்படும் ஹிஸ்டமின் என்ற பொருளைத் தடுக்கிற மாத்திரை; அது உங்களுக்குக் கேட்காததில் வியப்பில்லை. இந்த வீக்கத்தை நடத்துவது ஹிஸ்டமின் இல்லை என்றே தோன்றுகிறது.

“ஸ்டீராய்டுக்குக் கேட்டதே, அப்படியானால் அலர்ஜிதானே?” என்று உங்களிடம் யாராவது சொல்லியிருக்கலாம். அழற்சி என்பது உடல் திசு சிவந்து வீங்குவது; அலர்ஜி அதற்கு ஒரு காரணம் மட்டும்தான். ஸ்டீராய்டு எந்த அழற்சியையும் அடக்கும். அது கேட்டது என்பதை வைத்து எந்த நோய் என்று சொல்ல முடியாது. நிறுத்தியதும் திரும்பி வந்தது என்பதில்தான் நமக்குத் தகவல் இருக்கிறது: உள்ளே ஏதோ ஒன்று விடாமல் நடந்துகொண்டிருக்கிறது.

அந்த நீளமான பட்டியலைப் பற்றிக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ரத்தத்தில் ஒரு உணவுக்கு எதிர்ப்புப் பொருள் தெரிந்தால், உடல் அந்த உணவை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது என்று மட்டும்தான் பொருள். அப்படித் தெரிந்தும் அதே உணவைத் தினமும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் சாப்பிடுகிறவர்கள் ஏராளம். உண்மையான உணவு அலர்ஜி பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் தன்னைக் காட்டிவிடும். முட்டை சாப்பிட்டவுடன் உதடு வீங்கியது, தோலில் தடிப்பு வந்தது என்று நீங்கள் ஒரு இடத்திலும் எழுதவில்லை. நான்கு மாதம் எல்லாவற்றையும் நிறுத்திப் பார்த்தும் உதடு அப்படியே இருக்கிறது. அந்தச் சோதனைக்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துவிட்டது. இந்த வகை உதட்டு வீக்கத்தில் எடை குறைகிறதா என்று கேட்பது மிக முக்கியம்; குடலில் நோய் இருக்கிறதா என்பதற்கு அது ஒரு தடயம். உங்களுக்கு ஆறு கிலோ குறைந்திருக்கிறது. பால், முட்டை, கோதுமை எல்லாவற்றையும் விட்டதால் குறைந்ததா, குடல் காரணமாகக் குறைந்ததா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆகவே நிறுத்தியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். ஆனால் நீங்களாகச் சேர்க்க வேண்டாம். பல மாதம் தொடாமல் இருந்த உணவு, முன்பு ஒத்துக்கொண்டதாகவே இருந்தாலும், அபூர்வமாகத் திரும்பச் சேர்க்கும்போது வம்பு செய்யும். நிலக்கடலை, முட்டை இரண்டையும் மருத்துவர் மேற்பார்வையில் தொடங்குங்கள்.

சரி, இப்போது அடைப்புக்குறிக்கு வருவோம்.

முகம் ஒரு பக்கமாகக் கோணும் முகவாதம், திரும்பத் திரும்ப வந்து கடைசியில் நிலைத்துவிடும் உதட்டு வீக்கம், பிளவு பிளவாக இருக்கும் நாக்கு. இந்த மூன்றும் ஒருவருக்கே வருவதுண்டு. 1928-ல் மெல்கர்சன் என்ற மருத்துவர் முதல் இரண்டையும் சேர்த்து எழுதினார். 1931-ல் ரோசென்தால் நாக்கையும் சேர்த்தார். மெல்கர்சன் – ரோசென்தால் நோய் என்று பெயர். மூன்றும் ஒரே நேரத்தில் வரவேண்டும் என்பதில்லை. முகவாதம் வந்து போய் வருடங்கள் கழித்து உதடு வீங்கியவர்கள் உண்டு. உதடு முதலில் வீங்கி, பிறகு முகம் கோணியவர்களும் உண்டு. மூன்றும் சேர்ந்து இருப்பவர்கள் குறைவுதான். உதடு மட்டும் வீங்குவதை 1945-ல் மீஷர் தனியாக விவரித்தார். பின்னாளில், 1985 வாக்கில், வாயிலும் முகத்திலும் வருகிற இந்த வகை அழற்சிகள் எல்லாவற்றையும் ஒரு குடையின்கீழ் கொண்டுவந்து ‘ஓரோஃபேஷியல் கிரானுலோமடோசிஸ்’ என்று சொல்ல ஆரம்பித்தார்கள். மூன்று மருத்துவரிடம் போய் மூன்று பெயரோடு திரும்பினால் குழம்பிவிடாதீர்கள். அவர்கள் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கக்கூடும்.

கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டிப் பாருங்கள். நடுவில் ஒரு பள்ளமும் அதிலிருந்து பக்கவாட்டில் ஓடும் வெடிப்புகளும் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நாக்கு மட்டும் அப்படி இருப்பது நோய் அல்ல, ஆரோக்கியமாக இருக்கும் எத்தனையோ பேருக்கு உண்டு. மற்ற இரண்டோடு சேரும்போதுதான் அதற்கு மதிப்பு. உதட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெதுவாகப் பிடித்தும் பாருங்கள். நீர் வீக்கம் என்றால் தளதளவென்று இருக்கும். இந்த நோயில் உதடு நாளாக ஆக ரப்பரைத் தொடுவதுபோல் ஆகிவிடும். உள்பக்கத்தில் பொடிப்பொடியாக மேடுகள், ஈறில் சிவப்பு, கன்னத்தின் உள்புறம் தடித்து உருளைக்கல் பாவியதுபோன்ற தோற்றம் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும், கடிதத்தை வைத்து நான் நோயை முடிவு செய்ய முடியாது. முடிவு செய்ய உதட்டிலிருந்து ஒரு சிறு துணுக்கு வேண்டும், அதாவது பயாப்சி. ஒன்றேகால் வருடத்தில் உங்களுக்கு யாரும் அதை எடுக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பயாப்சி என்றதும் முகத்தில் தழும்பு வருமே என்ற பயம் வரும். உதட்டின் உள்பக்கத்திலிருந்துதான் எடுப்பார்கள், வெளியே தெரியாது. மரத்துப்போகும் ஊசி போட்டு, ஓரிரு தையலோடு முடிந்துவிடுகிற வேலை. சில நாள் உப்பும் காரமும் எரியும். எடுத்த இடத்தில் ஒரு சின்னப் புள்ளி அளவு மரப்பு சிலருக்குக் கொஞ்ச காலம் இருக்கும். அவ்வளவுதான். ஆனால் மேலோட்டமாகச் சுரண்டி எடுத்தால் பிரயோஜனமில்லை. தசை வரை ஆழமாக எடுக்க வேண்டும், ஏனென்றால் நாம் தேடுகிற பொருள் பெரும்பாலும் ஆழத்தில்தான் இருக்கும். கிரானுலோமா என்று சொல்லப்படும் செல் திரட்சிகளை அங்கே தேடுவார்கள். காசநோயிலும் இவை வரும், ஆனால் அங்கே பெரும்பாலும் நடுவில் அழுகல் இருக்கும். உங்கள் வகையில் அது இராது. சந்தேகமில்லாமல் தெரிந்துகொள்ள, அதே துணுக்கில் காசநோய்க் கிருமிக்கும் பூஞ்சைக்கும் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, பயாப்சி முடியும்வரை புதிதாக ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது கிரானுலோமாவைக் கரைத்துவிட்டால் அறிக்கை வெறுமையாக வரும், பழையபடி அலர்ஜி என்று எழுதிவிடுவார்கள். (வேறு நோய்க்காக நாள்பட ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தக்கூடாது, அது ஆபத்து.) இரண்டு, ‘குறிப்பிட்ட மாற்றம் ஏதுமில்லை, வீக்கமும் விரிந்த நிணநீர்க் குழாய்களும் மட்டும்’ என்று அறிக்கை வந்தால் நோயே இல்லை என்று ஆகிவிடாது. தொடக்கத்தில் கிரானுலோமா உருவாகியிருக்காது. சில மாதம் கழித்து இன்னொரு முறை எடுக்க வேண்டிவரலாம்.

உதட்டில் கிரானுலோமா தெரிந்தால் அடுத்த கேள்வி வாய்க்கு வெளியே எழும்: இது உதட்டோடு நிற்கிற நோயா, உடலில் வேறெங்கோ இருக்கும் நோயின் வாய் முகமா? முதலில் சந்தேகிக்க வேண்டியது க்ரோன் என்கிற குடல் அழற்சி நோய். குடலில் ஒரு தொந்தரவும் தெரியாமல் உதடு முதலில் வீங்கி, வருடங்கள் கழித்துக் குடல் தன் பங்கைக் காட்டுவதுண்டு, குறிப்பாகச் சிறு வயதினருக்கு. வாரக்கணக்கில் நீடித்த வயிற்றுப்போக்கு, வயிற்று வலி, மலத்தில் ரத்தம், ஆசனவாயில் வெடிப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். உதட்டுக்காக வந்தவரிடம் ஆசனவாயைப் பற்றி எதற்குக் கேட்கிறார் என்று பலர் முகம் சுளிப்பார்கள். காரணம் இதுதான். ரத்த அணுக்கள், இரும்புச் சத்து, பி12, ஃபோலேட், அல்புமின் என்ற புரதம், உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி., குடல் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின் மலத்தில் எவ்வளவு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். இவற்றில் குறை தெரிந்தாலோ வயிற்றில் தொந்தரவு இருந்தாலோ குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி தேவைப்படும். எல்லாருக்கும் எடுத்த எடுப்பிலேயே அது வேண்டியதில்லை என்பது என் கருத்து.

அடுத்தது, நுரையீரல் போன்ற உறுப்புகளில் கிரானுலோமாவை உண்டாக்கும் சார்காய்டோசிஸ் என்ற நோய்; அதற்கும் காசநோய்க்கும் சேர்த்து நெஞ்சு எக்ஸ்ரே. பல் வேரில் மறைந்திருக்கும் சீழும் உதட்டு வீக்கத்தைத் தூண்டிவிடுவதுண்டு. தாடை முழுவதும் தெரிகிற எக்ஸ்ரே ஒன்று எடுத்து, இருந்தால் சரிசெய்துவிடலாம். பற்பசை, உதட்டுச் சாயம் போன்றவற்றால் வரும் தொடு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை வேறு. முதுகில் சிறு பட்டைகளை ஒட்டி இரண்டாம் நாளும் நான்காம் நாள் வாக்கிலும் பார்ப்பார்கள். உங்கள் ரத்தப் பரிசோதனை இதற்கு ஈடாகாது. கடைசியாக ஒரு கேள்வி. நேரில் வந்திருந்தால் தனியாகக் கேட்டிருப்பேன்: உதட்டைப் பெரிதாக்க எப்போதாவது ஊசி போட்டுக்கொண்டீர்களா? போட்டிருந்தால் எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அந்தப் பொருளைச் சுற்றியும் கிரானுலோமா வரும்.

புற்றுநோய் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உதடு முழுக்கச் சீராக, வலியில்லாமல், ஏறி இறங்கி வீங்குவது புற்றுநோயின் வழக்கம் அல்ல. உதட்டுப் புற்றுநோய் பெரும்பாலும் கீழுதட்டில், ஆறாத புண்ணாகவோ பொருக்காகவோ கெட்டியான மேடாகவோ வரும். மேலுதட்டில் ஒரே இடத்தில் உருண்டையாகக் கட்டி தட்டுப்பட்டால் அங்குள்ள சிறு உமிழ்நீர்ச் சுரப்பியைச் சந்தேகிக்க வேண்டும். பயாப்சி எடுக்கும்போது இந்தக் கேள்விக்கும் சேர்த்தே பதில் வந்துவிடும்.

நோய் உறுதியானால் சிகிச்சை உண்டு. ஒரே மாத்திரையில் ஓடிவிடும் நோய் அல்ல, சில சமயம் வருடக்கணக்கில் கூட வரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மருந்துக்கு முன்பாக ஒரு உணவு முறையைச் சோதிக்கலாம். மறுபடியும் பத்தியமா என்று சலிக்க வேண்டாம், இது உங்கள் நீளப் பட்டியலைப் போன்றதல்ல. சமையலில் போடும் இலவங்கப்பட்டை, பென்சோயேட் என்ற பதனப் பொருள், இந்த இரண்டு மட்டும்தான். பன்னிரண்டு வாரம் விட்டுப் பார்ப்பார்கள். பலருக்கு வீக்கம் குறைகிறது. பட்டை மசாலாவில் மட்டுமல்ல, பற்பசை, வாய் கொப்பளிக்கும் திரவம், சூயிங்கம் ஆகியவற்றின் வாசனையிலும் இருக்கும். பென்சோயேட்டை குளிர்பானங்கள், சாஸ் போன்றவற்றின் லேபிளில் இ210 முதல் இ219 வரையுள்ள எண்களாகப் பார்க்கலாம். எடை இழந்திருக்கும் நிலையில் இதை உணவியல் நிபுணர் துணையில்லாமல் செய்ய வேண்டாம். பன்னிரண்டு வாரத்தில் பலனில்லை என்றால் விட்டுவிடுங்கள். பத்தியத்தை இழுத்துக்கொண்டே போவதில் அர்த்தமில்லை.

மருந்தில் பலரும் முதலில் கையில் எடுப்பது, உதட்டுக்குள்ளேயே போடும் ட்ரையாம்சினோலோன் ஊசி. இதுவும் ஸ்டீராய்டுதான், ஆனால் உடல் முழுக்கப் போகாமல் வேண்டிய இடத்தில் தங்கி வேலை செய்யும். உதடு நரம்புகள் நெருக்கமாக உள்ள இடம், அங்கே நேரடியாக ஊசி போட்டால் கண்ணில் நீர் வந்துவிடும். அதனால் மேலுதட்டுக்குக் கண்ணுக்குக் கீழே வரும் நரம்பை முதலில் மரத்துப்போகச் செய்துவிட்டுப் போடுவார்கள். போடுகிறவரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள். சில வார இடைவெளியில் சில முறை போட வேண்டியிருக்கும். நன்றாக இறங்கும். மாதங்கள் கழித்துத் திரும்பவும் வரலாம், அப்போது மறுபடியும் போடலாம். அளவு மீறினால் அந்த இடம் மெலிந்து குழி விழும்; கை தேர்ந்தவரிடம் போவது நல்லது. லேசான வீக்கத்துக்கும் ஊசிகளின் இடைவெளியிலும் டாக்ரோலிமஸ் களிம்பு உதவும்.

ஊசி மட்டும் போதாதபோது மாத்திரைகள் சேரும். டாக்சிசைக்ளின் அல்லது மினோசைக்ளின் மாதக்கணக்கில் கொடுப்பதுண்டு. கிருமியைக் கொல்ல அல்ல, அழற்சியைத் தணிக்க. க்ளோஃபாசிமின், டாப்சோன் என்று எழுதிக் கொடுத்து, அவற்றைப் பற்றித் தேடிப்பார்த்தால் தொழுநோய் மருந்து என்று வரும். பதறிவிடாதீர்கள். உங்களுக்குத் தொழுநோய் என்று அதற்குப் பொருளில்லை. கிரானுலோமா அழற்சியை இவையும் அடக்கும். க்ளோஃபாசிமின் தோலைச் செம்பழுப்பாகக் கறுக்க வைக்கும், நிறுத்தியபின் மெதுவாகத்தான் நிறம் திரும்பும். இதை ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. டாப்சோன் தொடங்குமுன் ஜி6பிடி என்ற ரத்தப் பரிசோதனை அவசியம். அதற்கும் அடங்காவிட்டால் மெத்தோட்ரெக்சேட், பிறகு இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் போன்ற உயிரியல் மருந்துகள். க்ரோன் நோய் சேர்ந்திருப்பவர்களுக்கு இவற்றின் தேவை அதிகம். உயிரியல் மருந்துக்கு முன் உடலில் காசநோய் உறங்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்காமல் யாரும் தொடங்கக்கூடாது. குழந்தை பெறும் திட்டம் இருந்தால் முதல் நாளே சொல்லுங்கள். மெத்தோட்ரெக்சேட் கர்ப்பத்தில் கூடவே கூடாது, டாக்சிசைக்ளினும் தவிர்க்க வேண்டியது.

உதட்டோர வெடிப்புக்குத் தனியாக வைத்தியம் இருக்கிறது. அங்கே பெரும்பாலும் பூஞ்சையோ பாக்டீரியாவோ குடியேறியிருக்கும். இரும்பும் பி12-ம் குறைந்தாலும் வெடிக்கும். பஞ்சால் ஒற்றிச் சோதித்துக் களிம்பு கொடுத்தால் சீக்கிரம் ஆறிவிடும்.

ஆபரேஷனுக்கு அவசரப்படாதீர்கள். நோய் எரிந்துகொண்டிருக்கும்போது உதட்டைக் குறைத்தால் மறுபடி வீங்கிவிடும், தழும்பு வேறு சேரும். மருந்தால் அடங்கி, ஒரு வருட அளவாவது அசையாமல் இருந்து, அதன்பின்னும் மிச்சத் தடிப்பு நின்றால் அப்போது யோசிக்கலாம். அப்போதும் திரும்ப வராதிருக்க ஆபரேஷனோடு ஸ்டீராய்டு ஊசியும் தேவைப்படும். ஆபரேஷனுக்கு அவசரமில்லை என்பதற்காக மருந்துச் சிகிச்சையைத் தள்ளிப்போடவும் கூடாது. வீக்கம் வருடக்கணக்கில் நின்றால் உள்ளே நார்த்திசு படிந்து, பிறகு எந்த மருந்துக்கும் இறங்காத தடிப்பாகிவிடும்.

இதே மாதிரி வீக்கத்தோடு இருக்கும் மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உதடு வந்து வந்து வீங்கினால் முதலில் அந்த மாத்திரையைச் சந்தேகியுங்கள். வருடக்கணக்கில் ஒத்துக்கொண்ட மாத்திரையே திடீரென்று இப்படிச் செய்யும். அலர்ஜி மருந்து இதற்குக் கேட்காது; மருத்துவரிடம் அன்றே பேசி வேறு மாத்திரைக்கு மாற வேண்டும். குடும்பத்தில் பலருக்கும் இப்படி வீங்குகிறது, தோலில் அரிப்புத் தடிப்பு வருவதில்லை, சில சமயம் காரணம் தெரியாத கடும் வயிற்று வலியும் வருகிறது என்றால் பரம்பரை வீக்க நோயை நினைக்க வேண்டும். ரத்தத்தில் சி4, சி1 தடுப்பான் என்ற இரண்டு புரதங்களின் அளவுகள் சொல்லிவிடும். எந்த வகையானாலும் நாக்கு வீங்கினால், குரல் மாறினால், விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமானால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

உங்களுக்கு இப்போது வேண்டியவர் ஒரு தோல் மருத்துவர் அல்லது வாய் நோய் மருத்துவ நிபுணர். போகும்போது உதடு நன்றாக இருந்த காலத்துப் படம் ஒன்று, வீக்கம் தொடங்கிய பிறகு எடுத்தவை, இனி வாரம் ஒன்றாக அதே இடத்தில் அதே வெளிச்சத்தில் எடுப்பவை, எல்லாவற்றையும் தேதியோடு கொண்டு போங்கள். முகவாதம் வந்தபோது கொடுத்த மருந்துச் சீட்டு கிடைத்தால் அதையும். இந்த முறை அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

லிப்ஸ்டிக் விஷயத்துக்கு வருகிறேன். இந்த நோய் யாருக்கும் தொற்றாது, மறைத்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. தொடு ஒவ்வாமைப் பரிசோதனை முடியும்வரை போடாமல் இருங்கள். வாசனையில்லாத சாதாரண வாசலின் மட்டும் தடவிக்கொள்ளுங்கள். நீங்கள் பயன்படுத்திவந்த லிப்ஸ்டிக்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பரிசோதனைக்கு அதையும் கொண்டுபோக வேண்டியிருக்கும்.